சேர்க்கையும் நீக்கலும்

போடிநாயக்கனூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திசை அறிவது எளிது. வடக்கிலும் மேற்கிலும் மலை. கிழக்கே தேனிப் பக்கம் வெளி. காலையில் மலை கருநீலமாகவும், நண்பகலில் சாம்பல் நிறமாகவும் தோன்றும். ஐப்பசி மழைக்குப் பின்னர்ப் பச்சை பூண்டு, கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல அருகே வந்து நிற்கும். அந்த மலைக்கும் நம் ஊருக்கும் இடையே மனிதர்கள் ஏறியிறங்கிய வழிகளின் வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறோம். பள்ளி ஆசிரியராக முப்பத்தெட்டு ஆண்டுகள் பணிசெய்து 2003இல் ஓய்வு பெற்ற நமக்கு, அவ்வரலாற்றில் ஒரு சிறு பங்கு உண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மலைத்தொடரைக் கடக்கும் கணவாய்க்கு இப்பகுதியில் ‘மெட்டு’ என்று பெயர். போடிமெட்டு, தேவாரம் மெட்டு, கம்பம் மெட்டு என அவை அடிவாரத்து ஊர்ப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன. மலைக்குச் செல்லும் வழிகளுக்குக் கீழிருந்து சென்றவர்களே பெயரிட்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. இன்று போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை செல்கிறது. கொச்சியிலிருந்து வரும் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அது. அடிவாரத்தில் ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் புறப்படும் பேருந்து, 1,300 மீட்டருக்கும் மேலான மெட்டை அடையும்போது பயணிகளின் காது அடைத்துக்கொள்ளும். சாலை வருவதற்கு முன்னர் அதே உயரத்தை மனிதர்கள் தலைச்சுமையோடு ஏறினர், கழுதைகளும் ஏறின.

மலையில் நெடுங்காலமாக வாழும் முதுவர் குடியினர், தம் முன்னோர் மதுரையை விட்டு நீங்கிப் பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவர்களது பெயருக்கு ‘முதுகு’ என்பதையே காரணமாகவும் கூறுவர். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஒப்பினும் ஒப்பாவிடினும், ஒரு குடி தன் வரலாற்றை ‘சுமந்து ஏறியவர்கள்’ என்று தொடங்குவது நம் உள்ளத்தைத் தொடுகிறது.

தோட்டக்காரர்கள் எழுதிய நூல்கள் வேறு விதமாகத் தொடங்கும். 1790இல் திப்பு சுல்தானின் படையை மறிப்பதற்காக, பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு எனப் பெயர்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி ஒரு படைப்பிரிவோடு வண்டிப்பெரியாற்றிலிருந்து இம்மலையைக் கடந்து போடிநாயக்கனூரில் இறங்கினார் என்பது அவற்றில் அடிக்கடி காணப்படும் செய்தி. நாமும் வகுப்பில் இதனைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். மாணவர்களும் வாய்பிளந்து கேட்டிருக்கிறார்கள். பின்னர்தான் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். 1769இல் பிறந்த வெல்லெஸ்லி 1790இல் இருபத்தொரு வயது இளைஞராக அயர்லாந்தில் இருந்தார். இந்திய மண்ணில் அவர் கால் வைத்ததே 1797இல்தான். வாட்டர்லூவை வென்றவரின் பெயர் எவரோ ஒருவருடைய நடைப்பயணத்தின்மீது ஒட்டிக்கொண்டுவிட்டது. நடந்தவரின் பெயர் போயிற்று. நடக்காதவரின் பெயர் நின்றது. மலை வரலாற்றைப் படிப்போர் இவ்வகை மாற்றத்தைப் பலமுறை எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

உறுதியான ஆவணங்கள் கிடைப்பது பின்னரே. 1877ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். ஏறத்தாழ 227 சதுர மைல் பரப்பு. ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். முதலில் பல பயிர்களைப் பயிரிட்டுப் பார்த்து, முடிவில் தேயிலையே அம்மலைக்கு உரியதென்று கண்டனர். அதற்குத் தெற்கே, நம் போடிமெட்டுக்கு மேற்கில் தேயிலைத் தோட்டங்களைக் கடந்து சென்றால் தொடங்குவது ஏலமலை. அங்கே காட்டுமரங்களின் நிழல் வேண்டும் என்பதால் காடு முற்றாக வெட்டப்படவில்லை. மரத்தின் கீழ் ஏலம். ஏலத்தின் கீழ்க் குனிந்த மனிதர்.

தேயிலை விளைந்தது மலையில். கப்பல் நின்றது கடலில். இடையே இருந்தது நம் ஊர். 1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. வண்டியின் பெரும்பாரத்தைத் தரையில் பதித்த ஒரே தண்டவாளம் தாங்கும், சாயாமல் இருக்க மற்றொரு சக்கரம் சாலையில் உருளும், இழுப்பவை காளைகள். 1908இல் இது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டு நீராவி எஞ்சின் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வழியே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடி வந்து சேரும். அதனால் கொட்டகுடிக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்றும் பெயர் வழங்கியது. அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடி. போடிக்கு அந்நாளில் இரயில் இல்லை. ஆதலின் அம்மையநாயக்கனூர் இரயில் நிலையம் வரை மீண்டும் வண்டி.

நம் பாட்டனார் அவ்வண்டிக்காரர்களுள் ஒருவர். பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை என்றும், அதன் மணத்தை மட்டும் அறிவேன் என்றும் அவர் சொல்வார். மேலிருந்து கம்பியில் பெட்டி வருகின்ற ஓசை கேட்டதும் மாடுகள் தாமாகவே எழுந்து நிற்குமாம். கிழவர் சற்று மிகைப்படுத்துவார். ஆயினும் இதனை நாம் நம்புகிறோம்.

1924ஆம் ஆண்டு ஜூலையில் பெய்த பெருமழையில் மூணாற்று இருப்புப்பாதை அடித்துச் செல்லப்பட்டது. மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தார் அதனைத் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்றே இன்றும் குறிப்பிடுவர். மலைமேல் இரயில் பின்னர் வரவில்லை. மலையடியில் வந்தது. 1928 நவம்பரில் மதுரையிலிருந்து போடிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்திற்கு இரயில் ஓடத் தொடங்கியது. பாட்டனாரின் நெடுவழி வண்டிப் பிழைப்பு அத்தோடு முடிந்தது.

அந்த இரயிலின் கதை விந்தையானது. 1942இல், இரண்டாம் உலகப்போருக்கு இரும்பு தேவைப்படுகிறதென்று தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றுவிட்டனர். வாள்கள் கலப்பையாக மாறும் நாளைக் கண்டவர் எசாயா இறைவாக்கினர். நம் ஊர் அதற்கு நேரெதிரான காட்சியைக் கண்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1954இல், மீட்டர் பாதையாக இரயில் திரும்பி வந்தபோது நாம் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். ஆசிரியர் எங்கள் வகுப்பை வரிசையாக அழைத்துச் சென்று நிலையத்தின் வேலியோரம் நிறுத்தினார். எஞ்சின் நீராவியைப் பீய்ச்சியதும் வரிசை கலைந்தது. அன்று ஓடாமல் நின்றவன் ஒருவனே. அவன் மேலே ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்தவன். உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பையும் புகையையும் பழகியவன். ஆறாம் வகுப்பிற்கு அவன் வரவில்லை. ஏன் என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

இரயிலின் எஞ்சிய கதையையும் சொல்லிவிடுவோம். 2010 டிசம்பர் இறுதியோடு அகலப்பாதைப் பணிக்காக மீண்டும் நிறுத்தப்பட்டது. தேனி வரை 2022 மே மாதத்திலும், போடி வரை 2023 ஜூன் 15ஆம் நாளிலும் திரும்ப வந்தது. ஒரே ஊருக்கு மூன்று முறை முதல் இரயில் வந்திருக்கிறது. அவற்றுள் இரண்டைக் கண்ணால் காணும் பேறு நமக்குக் கிட்டியது.

இனி ஏலத்தைப் பற்றி. வகுப்பறையின் கதை அதனோடு பிணைந்தது. ஏலச்செடி நட்டு மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். தூரின் அடியிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையை ஒட்டியே படர்வதால், காய் எடுப்பவர் நிமிர்ந்து நின்று எடுக்க இயலாது. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முதிர்ந்த காயும் சேர்ந்தே இருக்கும். பழுக்கும் முன்னர், முதிர்ந்ததை மட்டும் விரலால் தெரிந்து எடுக்க வேண்டும். ஆகையால் ஒரே செடிக்கு மாதம் ஒன்றோ ஒன்றரையோ கழித்து மீண்டும் மீண்டும் வர வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய். அது போடிக்கு இறங்கி வந்தபின், கிடங்குகளில் பெண்கள் சல்லடையும் முறமுமாக அமர்ந்து, பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிப்பர். நம் தாயாரும் அவ்வாறு அமர்ந்தவரே. மாலையில் அவர் வீட்டினுள் நுழையுமுன் ஏல மணம் நுழைந்துவிடும். பண்டிகைப் பாயசத்தில் ஏலம் போட அவர் விரும்புவதில்லை.

காய் எடுப்புக் காலம் ஆகஸ்டில் தொடங்கிப் பிப்ரவரி வரை செல்லும். பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அடிவாரத்துப் பள்ளிகளின் வரலாறு முழுதும் விளங்கிவிடும். ஜூனில் சேர்ப்போம், வகுப்பு நிறையும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் குடும்பங்கள் மலைக்குப் புறப்படும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வேண்டும். சிறுவிரல்களுக்குக் காய் எடுப்பதும் எளிது. பங்குனியில் திரும்பி வரும்போது பாடம் எங்கோ சென்றிருக்கும். நம் பங்கில் புதுநன்மை வகுப்பைக் கோடை விடுமுறையில் நடத்தியதற்கும் இதுவே காரணம். மலைக்குச் சென்ற பிள்ளைகள் அப்போதுதான் கீழே இருப்பர். பங்குத்தந்தை மலையின் நாட்காட்டியைக் கண்டு தம் நாட்காட்டியை மாற்றிக்கொண்டார். கல்வித்துறைக்கு அந்த இசைவு கைவரவில்லை.

சட்டமும் தயங்கியே வந்தது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றோடு கல்வி வசதியையும் பேசிற்று. தொழிலாளரின் ஆறு முதல் பன்னிரண்டு வயதுடைய பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மேற்பட்டால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட உரிமையாளரைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்றது. ஆனால் அச்சட்டத்தின் மூல வரையறையில் இருந்தவை தேயிலை, காபி, இரப்பர், சின்கோனா ஆகியவையே. ஏலம் அவ்வரையறையுள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். முப்பது ஆண்டுகள் என்பது ஒரு பிள்ளை பிறந்து, காய் எடுத்து, தன் பிள்ளையையும் காய் எடுக்க அழைத்துச் செல்லப் போதுமான காலம்.

இதற்கிடையே 1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இணைந்தன. அதன் அரசியலை இங்கே விரிக்கவில்லை. பள்ளிப் பிள்ளைக்கு நேர்ந்தது இதுதான்: தாய் காய் எடுத்த மலையும் தான் படித்த பள்ளியும் வெவ்வேறு மாநிலங்களாகவே நின்றன. மேலே சேர்ந்தால் மாற்றுச் சான்றிதழ் வேண்டும். கீழே திரும்பினால் மற்றொன்று. திருச்சபையின் எல்லையும் அவ்வாறே அமைந்தது. கீழே 1938இல் உருவாகி 1953இல் உயர்மறைமாவட்டமான மதுரை. மேலே 1930இல் உருவான விஜயபுரம் மறைமாவட்டம். எனினும் பங்குத்தந்தையர் இருவர் தமக்குள் கடிதம் எழுதிக்கொண்டால் போதுமானதாயிருந்தது. மலையில் திருமுழுக்கு, அடிவாரத்தில் திருமணம், ஓலை இரு ஆலயங்களிலும் வாசிக்கப்படும். ஏழை மனிதன் இரு மாநிலங்களுக்கு இடையே காணாமற்போகாமல் காத்தது பெரும்பாலும் அந்த அஞ்சலட்டையே.

ஏலப்பணம் கல்விக்கு ஒன்றும் செய்யவில்லை என்று கூறினால் அது நன்றி மறந்த பேச்சாகும். 1971இல் ஏல விவசாயிகள் சங்கத்தார் போடியில் ஒரு கல்லூரியையே நிறுவினர். நம் மாணவர் சிலர் அங்கே பயின்று பட்டம் பெற்றுள்ளனர். ஆனால் கல்லூரிக்குச் செல்ல முதலில் ஐந்தாம் வகுப்பைக் கடக்க வேண்டுமே!

உலகின் மறுகோடியிலும் இதே செடி இதே கதையை எழுதியிருக்கிறது. 1914ஐ ஒட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் ஏலத்தை நடு அமெரிக்காவின் குவாத்தமாலாவிற்குக் கொண்டு சென்றார். 1980களில் அந்நாடு உற்பத்தியில் இந்தியாவை முந்தியது. அங்கு ஏலம் மிகுதியாக விளையும் மாநிலத்தின் பெயர் ஆல்டா வெராபாஸ். வெராபாஸ் என்றால் ‘மெய்ச்சமாதானம்’. பதினாறாம் நூற்றாண்டில் தோமினிக்கன் துறவி பர்த்தொலோமே தெ லாஸ் காசாஸ், படைவீரரை விலக்கி வைத்து நற்செய்தியை மட்டும் கொண்டு சென்றதன் நினைவாக அமைந்த பெயர் அது. அங்கே காய் எடுப்போர் மாயா இனத்து ஏழைகள்; அவர்களும் தம் உணவில் ஏலம் சேர்ப்பதில்லையாம். இதனைப் படித்த அன்று நாம் தாயாரின் பாயசத்தை நினைத்துக்கொண்டோம்.

இப்போது நம் பங்கிற்கு வருகிறோம்.

ஒவ்வொரு பள்ளியிலும் ‘சேர்க்கை நீக்கல் பதிவேடு’ என்று ஒன்றுண்டு. பிள்ளை சேரும் நாள், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, வகுப்பு; வலப்பக்கத்தில் நீங்கிய நாள், காரணம். தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்து ‘நீண்ட நாள் வராமையால் நீக்கம்’ என்று எழுதுவது நடைமுறை. வருகை விழுக்காடு குறைந்தால் ஆய்வுக்கு வருவோர் கேள்வி கேட்பர். பெயரை நீக்கிவிட்டால் விழுக்காடு உயரும். பணியில் சேர்ந்த முதலாண்டான 1965இலேயே இந்த வேலை நம்மிடம் தரப்பட்டது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றார்கள். காரணம் எழுதும் கட்டத்தில் ‘காய் எடுக்க மலைக்குச் சென்றாள்’ என்று எழுத இடமிருந்தது. அதற்கு எந்த விதியும் தடையாக இல்லை. நாம் எழுதவில்லை. எல்லாருக்கும் ஒரே வாசகம். அழகான கையெழுத்து.

2015ஆம் ஆண்டு, அதே பள்ளியின் தலைமையாசிரியர் நம்மை அழைத்தனுப்பினார். ஓர் அம்மையார் முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று தேடி வந்திருக்கிறார், பழைய ஏடுகளைத் தேடுவதற்கு நம் உதவி வேண்டும் என்றார். அம்மையாரை நமக்கு அடையாளம் தெரியவில்லை; அவர் நம்மைத் தெரிந்துகொண்டார். “சார், நாலாப்புல நீங்கதான் எங்களுக்கு. நான் எடுத்த காய நாற்பது வருசமா அடுக்கினா இந்த மலை உசரம் வரும்” என்று சிரித்தார். செல்லரித்த ஏட்டில் அவர் பெயர் இருந்தது. பிறந்த தேதி ஜூன் முதல் நாள் என்று இருந்தது. தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் அந்நாளில் பள்ளியிலேயே ஒரு தேதி போட்டுவிடுவார்கள். நம் ஊரில் பாதிப்பேர் ஜூனில் பிறந்தவர்களே. பெயரின்மேல் சிவப்புக் கோடு. அருகே நம் எழுத்து.

உண்மையான தேதி வேறோரிடத்தில் இருந்தது. மலைமேல், அவர் பிறந்த தோட்டத்திற்கு உரிய பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில், பிறந்து பன்னிரண்டாம் நாளே அவரைப் பதிந்திருந்தனர். தந்தை, தாய், ஞானப்பெற்றோர் பெயர்களும் இருந்தன. அங்குள்ள பங்குத்தந்தை அதன் நகலை ஒரு வாரத்தில் அனுப்பிவைத்தார். உதவித்தொகைக்கு எந்தச் சான்றை ஏற்பது என்று அலுவலகத்தில் சில மாதங்கள் இழுபட்டு, முடிவில் ஒருவாறு கிடைத்தது. அது வேறு கதை.

அன்று பள்ளியில் அவர் ஏட்டை விட்டு நகரவில்லை. சிவப்பு மையைச் சுட்டி, “இது என்ன சார்?” என்றார். மழுப்பாமல் சொன்னோம். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்த வருசம் காய் நல்லா இருந்துச்சு சார்” என்றார். அவர் குரலில் குறை இல்லை. மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னார். பின்னர் அந்தப் பக்கத்தில் கோடிட்ட மற்றப் பெயர்களையும் படிக்கச் சொன்னார். பன்னிரண்டு பேர். படிக்கப் படிக்க ஒவ்வொருவரும் எங்கே சென்றனர் என்று கூறிக்கொண்டே வந்தார். ஒருவர் வண்டன்மேட்டில் இருக்கிறார். ஒருவர் ஜீப் கவிழ்ந்து இறந்தார். ஒருத்தி திருப்பூரில் மகன் வீட்டில். ஒருவன் இராணுவத்தில் சேர்ந்து ஓய்வு பெற்று வந்து, போடியிலேயே கடை வைத்திருக்கிறான்.

ஓய்வு பெற்றவனுக்குப் பள்ளி ஏட்டில் எழுதும் உரிமை இல்லை. ஆகவே சட்டைப்பையில் இருந்த குறிப்பேட்டில் வரிசை எண்ணிட்டு எழுதிக்கொண்டோம். பதினொரு பெயர்களுக்கு அவர் சொல்லிவிட்டார். ஒன்பதாம் எண்ணில் இருந்த சிறுவனை அவருக்கும் நினைவில்லை. நம் குறிப்பேட்டில் அந்த வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.